இரண்டு நீர் மூலக்கூறுகளும் ஒரு மடிக்கணினியும்: ஹைட்ரஜன் பிணைப்பைக் கணக்கிட முழுமையான வழிகாட்டி

ஒரு நீர் மூலக்கூறின் மொத்த எலக்ட்ரான் ஆற்றல் சுமார் −76.4 ஹார்ட்ரீ (அணு அளவுக் கணக்குகளில் பயன்படும் ஆற்றல் அலகு). இரண்டுக்கும் சேர்த்து −152.8. இவை இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும்போது ஆற்றல் இன்னும் 0.008 ஹார்ட்ரீ இறங்குகிறது, அவ்வளவுதான். பத்து டன் லாரியை எடைமேடையில் ஏற்றி, அதில் யாராவது அரைக் கிலோ வெங்காயத்தை வைத்தார்களா என்று கண்டுபிடிக்கிற வேலை இது. லாரியின் எடையில் சின்னத் தவறு நேர்ந்தாலும் வெங்காயம் காணாமல் போய்விடும், அல்லது ஒரு கிலோவாகத் தெரியும்.

வேதியியல் முதுகலை புராஜெக்டுக்கு இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் பெரும்பாலும் மென்பொருளை ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள். வந்த எண் வெங்காயமா, தராசின் பிழையா என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதில்லை. இங்கே நீர் டைமரை, அதாவது ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிய இரண்டு நீர் மூலக்கூறுகளின் ஜோடியை, மட்டும் எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை போகலாம். 20 எலக்ட்ரான்கள்தான், சாதாரண மடிக்கணினி போதும். சோதனை மதிப்புகளும் மிகத் துல்லியமான கணக்கீடுகளும் ஏற்கெனவே இருப்பதால், எங்கே சறுக்கினோம் என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: எந்த எண் வேண்டும் என்று முதலில் எழுதி வையுங்கள்

"நீர் டைமரின் பிணைப்பாற்றல் எவ்வளவு?" என்று கேட்டால் ஒருவர் 5.0 என்பார், இன்னொருவர் 3.2 என்பார், மூன்றாமவர் 3.6 என்பார். அலகு மூன்றுக்கும் கிலோகலோரி/மோல்தான். மூவர் சொல்வதும் சரி.

5.0 என்பது ஆற்றல் பள்ளத்தின் அடியிலிருந்து பிரிந்த மூலக்கூறுகள் வரையுள்ள உயரம். இதை எந்தக் கருவியாலும் நேராக அளக்க முடியாது. இது கணக்கீட்டின் எண். இதைச் சமநிலை ஆற்றல் என்று வைத்துக்கொள்வோம். 3.2 என்பது பூஜ்ஜியப் புள்ளி அதிர்வு ஆற்றலையும் (அதிர்வுகள் முழுதாக ஓயாததால் எப்போதும் மிஞ்சி நிற்கும் ஆற்றல்) சேர்த்துப் பார்த்தால், டைமரை உடைக்க உண்மையில் செலவிட வேண்டியது. 2011-இல் லேசர் கொண்டு டைமரை உடைத்து அளந்தபோது 1105 செ.மீ.⁻¹, அதாவது 3.16 கிலோகலோரி/மோல் கிடைத்தது. 3.6 என்பது நீராவியின் வெப்பக் கடத்துதிறனை அளந்து, 373 கெல்வினில் கணித்த என்தால்பி மாற்றம்.

நம்முடைய எண் இந்த மூன்றில் எதோடு ஒப்பிடத் தக்கது என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது அடுத்த படியில் தெரியும்.

படி 2: தொடக்க வடிவம்

அவகாட்ரோ போன்ற இலவச வரைவி ஒன்றில் இரண்டு நீர் மூலக்கூறுகளை வரையுங்கள். ஓ–ஹெச் நீளம் 0.96 ஆங்ஸ்ட்ராம், கோணம் 104.5 டிகிரி. ஒரு மூலக்கூறு வழங்கி: அதன் ஒரு ஹைட்ரஜன் மற்றதன் ஆக்சிஜனைப் பார்க்க வேண்டும். மற்றது ஏற்பி. ஆக்சிஜன்களுக்கு இடையே 2.9 ஆங்ஸ்ட்ராம் விடுங்கள். ஏற்பியின் இரண்டு ஹைட்ரஜன்களும் வழங்கியிடமிருந்து விலகி, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும். அதன் சமச்சீர் அச்சு ஆக்சிஜன்–ஆக்சிஜன் கோட்டோடு 60 டிகிரியை ஒட்டிய கோணத்தில் இருந்தால் போதும். மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் ஒன்று: அச்சு அசலாகச் சமச்சீரான வடிவத்தில் தொடங்காதீர்கள். நான் முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது, பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஒரு நீரின் இரண்டு ஹைட்ரஜன்களும் மற்றதன் ஆக்சிஜனை ஒரே தூரத்தில் பார்க்கும்படி வைத்தேன். கணக்கு ஒழுங்காக முடிந்தது. ஆற்றல் மூன்றே சொச்சம் கிலோகலோரி வந்தது. சோதனை மதிப்பு 3.16 தானே, பிரமாதம் என்று ஒரு வாரம் மிதந்தேன். அது பள்ளமே இல்லை. இரண்டு பள்ளங்களுக்கு நடுவே உள்ள சேணப் புள்ளி. உண்மையான பள்ளத்தைவிட 1.8 கிலோகலோரி மேலே இருக்கிறது. அதன் சமநிலை ஆற்றலை எடுத்து, பூஜ்ஜியப் புள்ளித் திருத்தம் செய்த சோதனை எண்ணோடு ஒப்பிட்டிருக்கிறேன். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அழித்து, சரி மாதிரி நின்றன.

விசைகள் சமச்சீராக இருக்கும்போது மூலக்கூறு அந்தச் சமச்சீரை விட்டு வெளியே வராது. அதனால் தொடக்கத்திலேயே ஒரு அணுவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீர் டைமரின் ஆற்றல் பரப்பில் பத்து நிலைப் புள்ளிகள் (அணுக்கள் மீது விசை பூஜ்ஜியமாகும் வடிவங்கள்) இருப்பதை 1990-இல் போப்பிள், ஷேஃபர், ரேடம் ஆகியோர் அடங்கிய குழு காட்டியது. அந்தப் பத்தில் ஒன்றே ஒன்றுதான் பள்ளம்.

படி 3: முறையும் பேசிஸ் செட்டும்

நிறையப் பேர் பழக்கத்தால் 6-31ஜி* என்ற சிறிய பேசிஸ் செட்டோடு (எலக்ட்ரான் மேகத்தை வரையப் பயன்படும் கணிதச் சார்புகளின் தொகுப்பு) தொடங்குகிறார்கள். ஹார்ட்ரீ–ஃபாக் என்ற அடிப்படை முறையில் அது நீர் டைமருக்கு 5.6 தரும். ஆகா, 5.0-க்குப் பக்கம் என்று தோன்றும். ஆனால் அதே ஹார்ட்ரீ–ஃபாக்கைப் பெரிய பேசிஸ் செட்டில் முழுமையாகச் செய்தால் கிடைப்பது 3.7-ஐ ஒட்டித்தான். எலக்ட்ரான்களின் தொடர்பு விளைவை (அவை ஒன்றையொன்று தவிர்த்து நகர்வதை) விட்டுவிட்டதால் குறைய வேண்டிய எண்ணை, பேசிஸ் செட்டின் போதாமை தூக்கிவிட்டிருக்கிறது. பி3எல்ஒய்பி என்ற டிஎஃப்டி (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துக் கணக்கிடும்) முறையை அதே சிறிய செட்டில் ஓட்டினால் 7-க்கு மேல் போய்விடும்.

ஹைட்ரஜன் பிணைப்பு நடப்பது மூலக்கூறின் ஓரத்தில், தனி இணை எலக்ட்ரான்கள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில். அங்கே எலக்ட்ரான் மேகம் மெலிந்து பரவியிருக்கும். அதைப் பிடிக்க டிஃப்யூஸ் சார்புகள் கட்டாயம் வேண்டும். ஆகவே டன்னிங்கின் பேசிஸ் செட்களில் ஆக்மென்டட் வகையை எடுங்கள்: டபுள் ஜீட்டா, டிரிபிள் ஜீட்டா, குவாட்ரபிள் ஜீட்டா என்று வரிசையாக ஏறலாம். (தமிழில் சுருக்கெழுத்தாகச் சொன்னால் டபுளும் டிரிபிளும் இரண்டுமே "டி" ஆகிவிடும். வாய்மொழியாக யாரிடமாவது கேட்டு இன்புட் எழுதும்போது கவனம்.)

முறைக்கு என் பரிந்துரை: வடிவத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் எம்பி2 (தொடர்பு விளைவைத் தோராயமாகச் சேர்க்கும் முறை), ஆக்மென்டட் டிரிபிள் ஜீட்டா. இறுதி ஆற்றலுக்கு அதைவிடத் துல்லியமான, செலவும் கூடிய சிசிஎஸ்டி(டி). பெரிய மூலக்கூறுகளுக்கு டிஎஃப்டிதான் கட்டுப்படியாகும். அப்போது கிரிம்மேயின் டி3 போன்ற சிதறல் விசைத் திருத்தத்தைச் சேர்க்காமல் ஓட்டாதீர்கள். நீர் டைமருக்குத் திருத்தமில்லாத பி3எல்ஒய்பி, பெரிய பேசிஸ் செட்டில் 4.6-ஐச் சுற்றித் தரும். கொஞ்சம்தானே குறைவு என்று விட்டுவிடலாம். பென்சீன் வளையத்தோடு பிணையும் நீர் என்று வந்தால் அப்படி விட முடியாது.

மென்பொருள்: சை4 திறந்த மூலம், இலவசம். ஓர்க்கா கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். ஒரு சிறு பொறி இருக்கிறது. எம்பி2-இல் ஆக்சிஜனின் உள் எலக்ட்ரான்களைக் கணக்கில் சேர்ப்பதா, உறையவைப்பதா என்பதில் மென்பொருள்களின் இயல்பமைப்பு வேறுபடுகிறது. ஓர்க்கா தானாகவே உறையவைக்கும். சை4-இல் நீங்கள் சொன்னால்தான் செய்யும். டைமரை ஒன்றிலும் மானோமரை (தனி நீரை) இன்னொன்றிலும் ஓட்டிக் கழித்தால் கிடைப்பது குப்பை.

படி 4: வடிவ உகப்பாக்கம், பிறகு உடனே அதிர்வெண்

உகப்பாக்கம் என்பது ஆற்றல் மிகக் குறைந்த வடிவத்தைத் தேடுவது. அதன் முடிவு நிபந்தனையை இறுக்கமாக வையுங்கள். வழக்கமான அளவு பென்சீனுக்குப் போதும். ஆடிக்கொண்டே இருக்கும் டைமருக்குப் போதாது. ஏற்பியின் சாய்வுக் கோணம் பத்து டிகிரி மாறினாலும் ஆற்றல் அதிகம் மாறாது. அதனால் மென்பொருள் பாதி வழியிலேயே "முடிந்தது" என்று சொல்லிவிடும்.

முடிந்ததும் மூன்றைச் சரிபாருங்கள். ஆக்சிஜன்–ஆக்சிஜன் தூரம் 2.91 ஆங்ஸ்ட்ராமை ஒட்டி இருக்க வேண்டும். டைக், மூன்டர் ஆகியோர் 1970-களில் மைக்ரோவேவ் நிறமாலையில் அளந்தது 2.98. உங்கள் எண் அதைவிடக் குறைவாக இருப்பது தவறல்ல. சோதனையில் கிடைப்பது அதிர்வுகளின் சராசரி, நமக்குக் கிடைப்பது பள்ளத்தின் அடி. அடுத்து, ஓ–ஹெச்–ஓ கோணம் 170 டிகிரிக்கு மேலே, ஏறக்குறைய நேர்கோடாக இருக்க வேண்டும். கடைசியாக, வழங்கியின் பிணைந்த ஓ–ஹெச் நீளம் தனி நீரில் இருப்பதைவிடக் கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும்.

பிறகு அதிர்வெண். ஆறு அணுக்கள், பன்னிரண்டு அதிர்வுகள். எல்லாமே நேர்க்குறி எண்களாக இருந்தால் பள்ளம். ஒரே ஒரு கற்பனை அதிர்வெண் வந்தாலும் (வெளியீட்டில் அது எதிர்க்குறியோடு இருக்கும்) சேணப் புள்ளி. அந்த அதிர்வு காட்டும் திசையில் அணுக்களைச் சற்று நகர்த்தி மறுபடி ஓட்டுங்கள். என் சமச்சீர் அழகியிடம் ஒரு கற்பனை அதிர்வெண் இருந்தது. அதிர்வெண் கணக்கைத்தான் நான் போடவே இல்லையே.

படி 5: பேய் அணுக்களோடு கழித்தல்

இந்தப் படியில்தான் அதிகம் குழப்பம். ஒவ்வொரு மூலக்கூறையும் ஒரு சமையலறையாக நினையுங்கள். பேசிஸ் சார்புகள்தான் பாத்திரங்கள். தனியாக இருக்கும் நீருக்குத் தன் பாத்திரங்கள் மட்டுமே. டைமரில் பக்கத்து வீட்டுப் பாத்திரங்களும் கைக்கு எட்டும். அவற்றைக் கடன் வாங்கி ஒவ்வொருவரும் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சமைத்துக்கொள்கிறார்கள். ஆற்றல் இறங்குகிறது. அந்த இறக்கம் பிணைப்பால் வந்தது அல்ல, கடன் பாத்திரத்தால் வந்தது. இதுதான் பேசிஸ் செட் மேற்பொருந்தல் பிழை.

பாய்ஸ், பெர்னார்டி ஆகியோர் 1970-இல் சொன்ன கவுண்டர்பாய்ஸ் வழி எளிமையானது. பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டார், பாத்திரங்கள் மட்டும் அங்கேயே இருக்கின்றன என்று வைத்து மானோமரைக் கணக்கிடுங்கள். அணுக்கருவும் எலக்ட்ரானும் இல்லாமல் பேசிஸ் சார்புகள் மட்டும் உட்கார்ந்திருக்கும் இந்த இடங்களைத்தான் பேய் அணுக்கள் என்கிறோம். ஓர்க்காவில் அணுக் குறியீட்டுக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்தால் அது பேய். சை4-இல் குறியீட்டுக்கு முன்னால் அட் குறி. அல்லது கவுண்டர்பாய்ஸ் வேண்டும் என்று ஒரே வரியில் கேட்டால் அதுவே எல்லாவற்றையும் ஓட்டிவிடும். ஆனால் முதல் தடவை கையால் செய்யுங்கள். எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் மனதில் நிற்கும்.

வரிசை இது. டைமரின் ஆற்றல் ஒன்று. டைமரில் இருக்கும் அதே வடிவத்தில், மற்றது பேயாக இருக்க, வழங்கி ஒரு முறை, ஏற்பி ஒரு முறை. முதலாவதிலிருந்து பின்னிரண்டையும் கழித்தால் திருத்திய இடைவினை ஆற்றல். இதோடு முடியவில்லை. பிணைவதற்காக மூலக்கூறுகள் தம் வடிவத்தைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தச் செலவைப் பார்க்க, பேய் இல்லாமல், டைமர் வடிவத்தில் ஒரு முறையும் சுதந்திர வடிவத்தில் ஒரு முறையும் மானோமரை ஓட்டிக் கழியுங்கள். நீர் டைமரில் இது 0.1 கிலோகலோரிக்கும் கீழே. ஃபார்மிக் அமில டைமரில் நன்றாகவே தெரியும். இடைவினை ஆற்றல், பிணைப்பாற்றல் என்ற இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு இந்த வளைவுச் செலவுதான்.

ஹார்ட்ரீயிலிருந்து மாற்ற 627.51-ஆல் பெருக்குங்கள். ஆற்றல்களை எட்டுத் தசம இடம் வரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இடத்தோடு நிறுத்தினால் வெங்காயத்தை விரல் நுனியால் எடை பார்த்த கதைதான்.

படி 6: எல்லையை நோக்கி ஏறுதல்

எம்பி2-இல் ஆக்மென்டட் டபுள் ஜீட்டாவுக்குத் திருத்தம் இல்லாமல் 5.3-உம் திருத்தத்தோடு 4.4-உம் வரும். டிரிபிளில் 5.2-உம் 4.7-உம். குவாட்ரபிளில் 5.1-உம் 4.9-உம். ஒன்று மேலிருந்து இறங்குகிறது, மற்றது கீழிருந்து ஏறுகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் 4.97-ஐ ஒட்டி. இந்த ஏணியை நீங்களே ஒரு வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். இந்தத் துறையில் இவ்வளவு திருப்தி தரும் படம் அதிகம் இல்லை.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். திருத்தம் செய்த எண்தான் எப்போதும் உண்மைக்கு நெருக்கம் என்று நினைப்பது தவறு. டபுள் ஜீட்டாவில் திருத்தாத 5.3-தான் 4.97-க்கு அருகில் இருக்கிறது! காரணம், திருத்தம் கடன் பிழையை மட்டும் எடுக்கிறது. பேசிஸ் செட்டின் மற்றப் போதாமை அப்படியே கிடக்கிறது, அது எண்ணைக் குறைக்கும் பக்கம் இழுக்கிறது. அதனால் சிலர் இரண்டின் சராசரியை எடுக்கிறார்கள். டிரிபிளில் அந்தச் சராசரி 4.95. குறுக்கு வழிதான், ஆனாலும் மோசமில்லை. திருத்தியது, திருத்தாதது இரண்டையும் அட்டவணையில் போடுங்கள். இடைவெளியே உங்கள் நம்பகத்தன்மையின் அளவு.

முறையாகப் போக விரும்பினால், எலக்ட்ரான் தொடர்பு ஆற்றல் ஜீட்டா எண்ணின் கனத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் எல்லையை நெருங்குகிறது என்ற விதியைப் பயன்படுத்தலாம். டிரிபிளுக்கு 27, குவாட்ரபிளுக்கு 64. குவாட்ரபிள் தொடர்பு ஆற்றலை 64-ஆலும் டிரிபிளை 27-ஆலும் பெருக்கிக் கழித்து, 37-ஆல் வகுத்தால் எல்லை மதிப்பு. ஹார்ட்ரீ–ஃபாக் பகுதியை இதில் கலக்காதீர்கள். அது இன்னும் வேகமாக எல்லைக்குப் போய்விடும், குவாட்ரபிள் எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அப்புறம் எம்பி2-க்கும் சிசிஎஸ்டி(டி)-க்கும் உள்ள வேறுபாட்டைச் சிறிய பேசிஸ் செட்டில் கணக்கிட்டு மேலே கூட்டுங்கள். நீருக்கு அந்த வேறுபாடு மிகச் சிறியது. முடிவு 5.0-இல் வந்து நிற்கும். இலக்கியத்தில் உள்ள நல்ல மதிப்பு 5.02, பிழை வரம்பு 0.05.

படி 7: பூஜ்ஜியப் புள்ளி

தனி நீர் ஒவ்வொன்றுக்கும் மூன்று அதிர்வுகள், ஆக ஆறு. டைமருக்குப் பன்னிரண்டு. புதிதாக வந்த ஆறும் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று எதிராக ஆடுவது, திரும்புவது, இழுபடுவது. குவாண்டம் உலகில் எந்த அதிர்வும் முழுதாக ஓயாது. இந்த ஆறு புது ஆட்டங்களுக்கான வாடகையைப் பிணைப்பாற்றலிலிருந்துதான் கட்டியாக வேண்டும். சீரிசைத் தோராயத்தில் (அதிர்வுகளைச் சீரான சுருள்வில் ஆட்டமாக எடுத்துக்கொண்டால்) அது 2.1-ஐச் சுற்றி வரும். உண்மையில் 5.02-க்கும் 3.16-க்கும் வேறுபாடு 1.86தான். இந்த மெல்லிய ஆட்டங்கள் சீரிசையாக நடப்பதில்லை என்பதால் வரும் வேறுபாடு இது.

இதைச் சோதிக்க ஒரு நல்ல பயிற்சி: ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் நிறையைக் கொடுத்து அதிர்வெண்ணை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். எலக்ட்ரான் ஆற்றல் துளியும் மாறாது, 5.02 அப்படியே இருக்கும். ஆனால் கனமான அணுக்கள் மெதுவாக ஆடுவதால் வாடகை குறைகிறது. கனநீர் டைமரை உடைக்க சோதனையில் 1244 செ.மீ.⁻¹ தேவைப்பட்டது, சாதாரண நீருக்கு 1105.

அறை வெப்பநிலையின் கட்டிலா ஆற்றலையும் மென்பொருள் அச்சடித்துத் தரும். அது நேர்க்குறியாக, அதாவது டைமர் தானாக உருவாகாது என்பது போல வந்தால் பதற வேண்டாம். இரண்டு மூலக்கூறுகள் ஒன்றானால் என்ட்ரபி இழப்பு பெரிது. ஆனால் மிகக் குறைந்த அதிர்வெண்களிலிருந்து வரும் அந்த என்ட்ரபி எண்ணைத் தசம இடம் வரை நம்பி எழுதாதீர்கள்.

படி 8: நிறமாலை

ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிறது என்பதற்குப் பழைய சாட்சி அகச்சிவப்பு நிறமாலைதான். தனி நீரின் நீட்சி அதிர்வுகள் 3657, 3756. டைமரில் வழங்கியின் பிணைந்த ஓ–ஹெச் 3600 செ.மீ.⁻¹-ஐ ஒட்டி இறங்குகிறது. உங்கள் கணக்கில் எல்லா எண்களும் இதைவிட 150–200 அதிகமாக வரும், ஏனென்றால் சீரிசைத் தோராயம். சிலர் 0.96 மாதிரி ஒரு அளவுக் காரணியால் பெருக்குவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, மானோமருக்கும் டைமருக்கும் ஒரே முறையில் கணக்கிட்டு இறக்கத்தை மட்டும் ஒப்பிடுவது. பிழையில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

எப்போதும் இறக்கம்தான் வரும் என்றும் இல்லை. ஃபுளோரோஃபார்ம் போன்ற சில கார்பன்–ஹைட்ரஜன் வழங்கிகளில் அதிர்வெண் ஏறுகிறது. இப்படிப்பட்ட விதிவிலக்குகள் சேர்ந்துதான் ஐயுபாக் என்ற சர்வதேச வேதியியல் அமைப்பு ஹைட்ரஜன் பிணைப்பின் வரையறையையே மறுபடி எழுத வேண்டி வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் இ. அருணன் தலைமையிலான குழு தயாரித்த அந்த வரையறை 2011-இல் வெளியானது. வடிவம், நிறமாலை, ஆற்றல் என்று பல சான்றுகளை வைத்துப் பார்க்கச் சொல்கிறது அது. ஒற்றை அளவுகோலை நம்பச் சொல்லவில்லை.

படி 9: ஏன் ஒட்டுகிறது?

ஆய்வேட்டில் வழிகாட்டி கட்டாயம் கேட்கும் கேள்வி. மூன்று கருவிகள் உண்டு. மூன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

எனக்கு அதிகம் நம்பிக்கை உள்ளது சேப்ட் எனப்படும் சமச்சீர் தழுவிய இடையூற்றுக் கொள்கை. சை4-இல் ஒரு வரியில் ஓடும். இடைவினையை நிலைமின் ஈர்ப்பு, பரிமாற்ற விலக்கம், தூண்டல், சிதறல் என்று நான்காகப் பிரிக்கிறது. கழித்தலே இல்லாமல் இடைவினையை நேராகக் கணக்கிடுவதால் கடன் பாத்திரத் தொல்லையும் இல்லை. நீர் டைமரில் நிலைமின் ஈர்ப்புதான் பெரியது. ஆனால் பரிமாற்ற விலக்கம் ஏறக்குறைய அதே அளவுக்கு எதிராக நிற்கும். மிச்சத்தைத் தருவது தூண்டலும் சிதறலும். ஆகவே "ஹைட்ரஜன் பிணைப்பு என்பது வெறும் நேர்–எதிர் மின்னூட்ட ஈர்ப்பு" என்று பள்ளியில் படித்த வாக்கியத்தை ஆய்வேட்டில் அப்படியே எழுதாதீர்கள்.

இரண்டாவது, என்பிஓ (இயல்புப் பிணைப்புச் சுற்றுப்பாதை) பகுப்பாய்வு. இது ஏற்பியின் தனி இணையிலிருந்து வழங்கியின் ஓ–ஹெச் எதிர்ப்பிணைப்புச் சுற்றுப்பாதைக்கு எவ்வளவு எலக்ட்ரான் கசிகிறது என்று சொல்லும். ஓ–ஹெச் ஏன் நீள்கிறது, அதிர்வெண் ஏன் இறங்குகிறது என்பதற்கு இது அழகான விளக்கம். ஆனால் அது தரும் ஆற்றல் எண் மொத்தப் பிணைப்பாற்றலைவிடவே பெரிதாக வரலாம். அதைப் பிணைப்பாற்றல் என்று எழுதி வைவா வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொண்டவர்களை அறிவேன்.

மூன்றாவது, பேடரின் எலக்ட்ரான் அடர்த்திப் பகுப்பாய்வு. ஹைட்ரஜனுக்கும் ஏற்பி ஆக்சிஜனுக்கும் இடையே ஒரு பிணைப்பு முனைப்புள்ளி தேடுவது. கோக், போப்பெலியர் ஆகியோர் 1995-இல் தந்த வரம்பில் அங்கே அடர்த்தி அணு அலகில் 0.002 முதல் 0.035 வரை இருக்கும். நீர் டைமரில் 0.02-ஐத் தாண்டி நிற்கும். மல்ட்டிடபிள்யூஎஃப்என் என்ற இலவச நிரல் போதும். ஒரே வகைச் சேர்மங்களின் வரிசையில் வலிமையை ஒப்பிட இது உதவும்.

படி 10: அடுத்த ஜோடிகள்

நீரில் கை பழகியதும் அதே நோட்டில், அதே முறையில், அம்மோனியா டைமரையும் ஃபார்மிக் அமில டைமரையும் போடுங்கள். எஸ்22 என்ற புகழ்பெற்ற ஒப்பீட்டுத் தொகுப்பில் இரண்டுமே உண்டு: அம்மோனியாவுக்கு 3.2, ஃபார்மிக் அமிலத்துக்கு 18.6-ஐ ஒட்டி. அம்மோனியா டைமரின் பள்ளம் கிட்டத்தட்ட தட்டையானது. படி 4-இன் இறுக்கமான நிபந்தனை எதற்கு என்று அங்கே புரியும். ஃபார்மிக் அமிலத்தில் இரண்டு பிணைப்புகள் இருப்பதால் 18.6-ஐ இரண்டால் வகுத்து "ஒரு பிணைப்புக்கு 9.3" என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதும் முன், ஒற்றைப் பிணைப்பு மட்டும் உள்ள ஃபார்மிக் அமில டைமரின் திறந்த வடிவம் ஒன்றையும் கணக்கிட்டு, அதிர்வெண்ணையும் சரிபார்த்து, பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.